கையில் ஒரு தழும்பு, போனில் ஒரு சான்றிதழ்: ஊசி நம் வாசலுக்கு வந்த கதை



இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்கான ஆதாரம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர் யாராவது வீட்டில் இருந்தால், அவருடைய கையைக் கொஞ்சம் பாருங்கள். வட்டமாக, தோல் சற்றுச் சுருங்கினாற்போல ஒரு தழும்பு இருக்கக்கூடும். அது பெரியம்மைக்குக் குத்தியது. நாற்பது வயதுக்காரரின் தோளில் சின்னதாக இன்னொரு தழும்பு இருக்கும். அது காசநோய்க்கான பி.சி.ஜி. கல்லூரி போகும் பிள்ளையின் தோளிலும் அதே தழும்பு இருக்கக்கூடும். சிறு வயதில் போலியோ சொட்டு மருந்து விழுங்கிவிட்டு விரலில் மை வைத்துக்கொண்ட பிள்ளைதான் அது. இவர்கள் எல்லோருடைய போனிலும் கோவின் சான்றிதழ் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும்.

இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றும் நம் வீடு வரை வந்து சேர என்ன பாடு பட்டன என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இடம் உண்டு. அதைக் கெடாமல் கொண்டுவந்து, மக்களை நம்பவைத்து, கடைசி ஆளின் கைவரை சேர்த்த கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கடைசித் தூரத்தில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறியிருக்கிறோம். அதில் நம்மைப்போல் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

குழந்தைகளின் கைவழியே வந்த மருந்து

1796-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் வந்திருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். பிறகு அவனுக்குப் பெரியம்மையே ஒட்டவில்லை. 1798-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். செய்தி சீக்கிரமே இந்தியாவுக்கு வந்துவிட்டது. மருந்துதான் வரவில்லை.

காரணம் எளிது. அந்தக் கொப்புள நீரை நூலில் நனைத்துக் காயவைத்தார்கள். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து அடைத்தார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பல் இங்கே வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கடல் வெயிலில் மருந்து வழியிலேயே செத்துவிடும். குளிர்பெட்டி என்ற ஒன்றே இல்லாத காலம்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, மனிதரையே மருந்துக் குப்பியாக ஆக்குவது. ஒரு குழந்தைக்குக் குத்துவார்கள். எட்டு நாள் போல ஆனதும் அங்கே வந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். சங்கிலி அறுந்தால் மருந்து போயிற்று. வியன்னாவில் இருந்த ஜான் டி கரோ என்ற மருத்துவர் அனுப்பிய மருந்து, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா என்று ஊர் ஊராகக் கை மாறி பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று அங்கே அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அது பலித்தது. இந்தியாவில் தடுப்பூசி பலித்த முதல் ஆள் அவள்தான். அவள் கையிலிருந்து இன்னும் சில குழந்தைகளுக்குப் போனது. அங்கிருந்து அந்த ஆண்டே சென்னை உட்படப் பல ஊர்களுக்குப் பரவியது.

இதே வழியை ஸ்பெயின் நாடு இன்னும் பெரிய அளவில் செய்தது. 1803 நவம்பரில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் 22 அநாதைச் சிறுவர்களை ஏற்றினார்கள். இரண்டிரண்டு பேராகக் குத்தி, கடல் தாண்டும் வரை மருந்தை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இந்தியாவிலும் நீரெடுக்க ஊர் ஊராகக் கூட்டிப்போனது பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகளைத்தான். குழந்தையின் புண்ணைக் கீறி நீரெடுப்பதைத் தாய்மார்கள் விரும்பவில்லை. யார் உடம்பிலிருந்து யார் உடம்புக்கு என்ற சாதிக் கேள்வியும் கூடவே வந்தது. ஒருவர் உடம்பிலிருந்த வேறு நோயும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தடுப்பூசி பரவியதன் முதல் அத்தியாயத்திலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது. பாரம் ஒருவர் மேல், பயன் எல்லோருக்கும். அந்தக் கணக்கைச் சரிசெய்யும் வேலை இன்னும் முடியவில்லை.

ஆத்தாளும் அம்மைக் குத்தும்

நம் ஊரில் பெரியம்மை வெறும் நோயாக இருக்கவில்லை. வீட்டுக்கு ஆத்தாள் வந்திருக்கிறாள் என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு இல்லை, வெளியாள் உள்ளே வரக்கூடாது, உடம்பு தேறித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை இந்தக் கட்டுப்பாடு. நோயாளியைத் தனியே வைப்பதற்கு அதுவே ஒரு முறையாகவும் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் கத்தியோடு ஒருவர் வந்து, மாட்டிலிருந்து எடுத்ததைக் குத்துகிறேன் என்றால் யார் கையை நீட்டுவார்கள்?

அரசாங்கம் அப்போதே விளம்பரத்தில் இறங்கியது. சென்னையின் கலெக்டராக இருந்தவர் எல்லிஸ். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். கிணறு வெட்டிக் கல்வெட்டில் குறளைப் பொறித்த அதே எல்லிஸ்தான். அவர் தடுப்பூசியைப் புகழ்ந்து சமஸ்கிருதத்தில் ஒரு செய்யுள் இயற்றினார் என்றும், அது தொன்மையானது என்று மக்கள் நம்புவதற்காகப் பழைய காகிதத்தில் எழுதிவைத்தார் என்றும் அந்நாளைய ஆங்கிலேயர் குறிப்பு ஒன்று சொல்கிறது. பசுவிலிருந்து வந்த மருந்து, நம் முன்னோர் அறிந்த மருந்து என்று காட்டுவதுதான் நோக்கம். நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய். இன்று வாட்ஸ்அப்பில் நாம் பார்க்கும் ‘முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்’ வகைச் செய்திகளுக்கு 200 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில், 1805 வாக்கில், தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் மூவரை வரைந்தார். அதில் ஒரு பெண் சேலையை விலக்கிக் கையைக் காட்டுவதுபோல நிற்கிறாள். தடுப்பூசி குத்திய இடத்தைக் காட்டி மக்களுக்குத் தைரியம் சொல்லும் படம் அது என்று வரலாற்றாசிரியர் ஒருவர் வாதிட்டிருக்கிறார். பெயர் பெற்றவர்கள் முதலில் போட்டுக்கொண்டால் மற்றவர்களுக்கும் பயம் போகும் என்ற யோசனையும் ஆக அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஒரு புட்டியும் 19 உயிர்களும்

பயப்படுகிறவர்கள் எல்லோரும் அறியாமையில் பயப்படுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி அங்கேயே ஒரு தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு லட்சக்கணக்கானோருக்கு அது போனது.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் ஒரே ஒரு புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு இறந்துபோனார்கள். ஹாஃப்கினைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். அவர் பம்பாய்க் கூடத்தில் மருந்து தயாரித்த முறைதான் காரணம் என்றது விசாரணை. உண்மையில், ஊசி போட்ட இடத்தில் அந்தப் புட்டியைத் திறந்தபோது இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அடைப்பானை எடுத்ததில் கிருமி உள்ளே போயிருக்க வேண்டும் என்பது பின்னால் தெளிவானது. ரொனால்ட் ராஸ் முதலிய விஞ்ஞானிகள் பத்திரிகையில் எழுதிப் போராடி, 1907-இல்தான் அவர் மேலிருந்த பழி நீங்கியது.

மருந்து சரி. செய்முறை சரி. கடைசி ஒரு நிமிடக் கவனக்குறைவு. அதில் 19 குடும்பங்கள் பறிகொடுத்தன, சுற்றுவட்டாரம் முழுவதும் நம்பிக்கை போனது, ஐந்து வருடம் ஒரு மனிதரின் பெயர் கெட்டது. மேசையில் கையுறையோடு உட்கார்ந்திருக்கும் செவிலியர் ‘கொஞ்சம் பொறுங்கள் சார்’ என்று சொன்னால் பொறுத்துக்கொள்வதற்கு இது ஒன்றே போதும்.

கிண்டி, பி.சி.ஜி., ராஜாஜி

இனி நமக்குப் பக்கத்தில் வருவோம். கிண்டி பக்கம் போகும்போது கிங் இன்ஸ்டிடியூட் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். 2020-இல் கொரோனா சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் அடிபட்ட பெயர். 1899-இல் அதை நிறுவியதே அம்மைக்குத்து மருந்து தயாரிக்கத்தான். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பவரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். குழந்தையின் கையிலிருந்து நீரெடுக்கும் முறையை விட்டுவிட்டுக் கன்றுக்குட்டியின் தோலில் மருந்தை வளர்த்தெடுக்கும் முறைக்கு மாறிய காலம் அது.

ஆனாலும் வெயில் விடவில்லை. திரவ மருந்து நம் ஊர்ச் சூட்டில் சில நாளில் வீரியம் இழக்கும். குத்தினால் பலிக்காது, பலிக்காததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் கை நீட்டமாட்டார். உறைய வைத்து உலர்த்திய தூள் மருந்து வந்த பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. அந்தத் தூளைத் தயாரித்த இந்திய நிலையங்களில் கிண்டியும் ஒன்று. நுனி பிளந்த சிறிய ஊசியும் சேர்ந்துகொள்ள, அதிகம் பயிற்சி இல்லாதவர்கூடச் சரியாகக் குத்த முடிந்தது. நோய் கண்ட வீட்டைத் தேடிப்போய், அதைச் சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் உடனே குத்தும் முறையைக் கடைப்பிடித்தார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-இல் உலகமே விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அதே கிண்டியில் 1948-இல் பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் தொடங்கியது. காசநோய்க்கான இந்தத் தடுப்பூசியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போட்டார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக அப்போதுதான் இருந்து விலகியிருந்த ராஜாஜி. 1955-இல் ‘ஏன் எதிர்க்கிறேன்’ என்று விளக்கித் தனிப் பிரசுரமே வெளியிட்டார். பலன் உறுதியாகாத ஒன்றைப் பிள்ளைகள் உடம்பில் செலுத்தலாமா என்பது அவருடைய கேள்வி.

கேள்விக்குப் பதில் சொல்ல அரசாங்கம் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டது, ஆனால் சொன்னது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். அதே நேரம், சிறு குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது என்பது பல நாடுகளிலும் உறுதியாகியிருக்கிறது. பிறந்தவுடன் குழந்தைக்கு இன்றும் அதைப் போடுவது அதற்காகத்தான்.

ராஜாஜி முழுக்கச் சரியும் இல்லை, முழுக்கத் தப்பும் இல்லை. கேட்டவரை வாயடைக்காமல் சோதித்துப் பார்த்துப் பதில் சொன்னார்கள் என்பதுதான் இதில் பெருமைக்குரியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2021 ஜனவரி 16 அன்று தமிழ்நாட்டில் கொரோனா தடுப்பூசித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் தொடங்கிவைத்த இடம், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை.

2021: முதலில் ஊசி இருந்தது, ஆள் இல்லை

அந்த ஆண்டை நீங்கள் எல்லோரும் வாழ்ந்து பார்த்தவர்கள். ஆனால் நடந்த வரிசை பலருக்கு மறந்திருக்கும், நினைவுபடுத்துகிறேன். ஜனவரி 16 முதல் மருத்துவப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களும், இணை நோய் உள்ள 45 வயதுக்காரர்களும். ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டிய எல்லோரும். மே 1 முதல் 18 வயதைத் தாண்டியவர்கள் என்று அறிவிப்பு. தமிழ்நாட்டில் அது முறையாகத் தொடங்கியது மே 20 அன்று திருப்பூரில்.

முதல் மூன்று மாதம் ஊசி இருந்தது. போட்டுக்கொள்ள ஆள் குறைவு. மருத்துவமனை ஊழியர்களிலேயே பலர் ‘முதலில் மற்றவர்கள் போடட்டும், பார்க்கலாம்’ என்று இருந்தார்கள். ஒரு குப்பியில் பத்து டோஸ்; திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு பேர் வந்தால் மீதி நான்கு வீண். பத்துப் பேர் சேரட்டும் என்று காத்திருந்தால், வந்த ஆறு பேரும் எழுந்து போய்விடுவார்கள்.

அந்த நேரத்தில் நடிகர் விவேக், மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊடகங்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். அடுத்த நாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. ஆனால் அந்த அறிக்கை வெளிவந்தது அக்டோபரில். சந்தேகம் ஒரே இரவில் ஊரெல்லாம் போய்விட்டது, பதில் வர ஆறு மாதம் ஆனது. ஊர் முழுக்க மரம் நட்ட ஒரு நல்ல மனிதர், பிறர் நலனுக்காகச் செய்த கடைசிக் காரியம் தலைகீழாகத் திரும்பியது பெரிய துயரம்.

பிறகு ஆள் இருந்தது, ஊசி இல்லை

இரண்டாம் அலை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஆக்சிஜன் கேட்டு அலைந்த அந்த ஏப்ரல், மே மாதங்களை இங்கே விவரிக்கத் தேவையில்லை. தயங்கியவர்கள் எல்லோரும் வரிசைக்கு வந்தார்கள். வரிசையின் மறுமுனையில் மருந்து இல்லை. கோவிஷீல்டின் இரண்டு டோஸ்களுக்கு இடையே முதலில் 4 முதல் 6 வாரம் என்றார்கள். மார்ச்சில் 6 முதல் 8 வாரம். மே மாதம் 12 முதல் 16 வாரம். இடைவெளி கூடினால் பலன் கூடும் என்று ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் தட்டுப்பாட்டின் நடுவே வந்ததால், மருந்து இல்லாததற்காகச் சொல்லும் சாக்கு என்றே பலருக்குப் பட்டது.

மாநிலங்கள் தாங்களே வாங்கிக்கொள்ளலாம் என்றதும், தமிழ்நாடு 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் கோரியது. பயன் இல்லை. செங்கல்பட்டு அருகே திருமணியில், 2012-இல் ஒப்புதல் பெற்றுக் கட்டிய மத்திய அரசின் தடுப்பூசி வளாகம் ஒன்று, ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல் பூட்டிக் கிடந்தது. அதற்கு முன் 2008-இல், தர விதிகளைக் காட்டிக் குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. கூடம் ஆகியவற்றின் உற்பத்தி உரிமங்களையும் நிறுத்திவைத்து, பிறகு திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தடுப்பூசித் தயாரிப்பில் நூறாண்டுப் பழக்கமுள்ள ஒரு மாநிலம், தேவைப்பட்ட நேரத்தில் வெளியில் கைநீட்டி நின்றது.

ஜூன் 21 முதல் மத்திய அரசே 75 சதவீதத்தை வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தந்தது. மீதி 25 சதவீதம் தனியார் மருத்துவமனைகளுக்கு.

வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும்

இங்கேதான் நாம் கதைக்குள் வருகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முகாம் நடத்தலாம் என்று மத்திய அரசு வழிகாட்டியது. 60 வயதைத் தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டருகிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்த மே மாத அறிவிப்பின் நோக்கம். நகரத்தில் பல குடியிருப்போர் சங்கங்கள் தனியார் மருத்துவமனைகளோடு பேசி, சமுதாயக் கூடத்திலோ கீழ்த்தளக் கார் நிறுத்தத்திலோ மேசை போட்டு நடத்தின. கீழே இறங்கினால் ஊசி. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு லிஃப்டில் ஏறினால் வீடு.

ஜூன் மாதம் தனியாருக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தபோது கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். நான்கு பேர் குடும்பம் இரண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டுக்கொள்ள 6,240 ரூபாய். நமக்கு அது ஒரு மாத மெயின்டனன்ஸுக்குச் சற்று முன்னேபின்னே. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு அது எத்தனை வீட்டுச் சம்பளம் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு மையத்தில் இலவசம்தான். ஆனால் 18 முதல் 44 வயதுக்காரர்கள் தொடக்கத்தில் கோவினில் முன்பதிவு செய்தே போக வேண்டும். அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும், இடம் காலியாகும் நொடியில் விரல் ஓட வேண்டும். ஒரு எண்ணில் நான்கு பேர்தான். தமிழ் உள்ளிட்ட மொழிகள் பிறகே வந்தன. மின்னணு வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே அரசைக் கேட்டது. மே 24-க்குப் பிறகு அரசு மையங்களில் நேரே போய்ப் பதிந்துகொள்ள வழி பிறந்தது. அதிலும் மறைவான ஒரு செலவு இருந்தது. வரிசையில் நிற்க அரை நாள், ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் ஒரு நாள். தினக்கூலிக்காரருக்கு ‘இலவச’ ஊசியின் விலை ஒன்றரை நாள் கூலி.

நம் வாசலில் பகலும் இரவும் உட்காரும் காவலர், படிக்கட்டுக் கூட்டும் பெண்கள், இஸ்திரி போடுபவர், டிரைவர், தண்ணீர் லாரிக்காரர் இவர்கள்தான் அந்த நாட்களில் தினமும் வெளியுலகைத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தவர்கள். நோய்க்கு வாசல் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைப்பது, மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுக் கீழ்ச் சம்ப்பை அப்படியே விடுவது மாதிரி. இதைப் புரிந்துகொண்ட சங்கங்கள் பணியாளர்களையும் அதே முகாமில் சேர்த்தன. செலவைச் சங்கமோ வீட்டுக்காரர்களோ ஏற்றார்கள். புரிந்துகொள்ளாத இடங்களும் உண்டு. ‘சான்றிதழ் காட்டினால்தான் உள்ளே’ என்று வீட்டு வேலைக்காரப் பெண்களிடம் சொன்னார்கள். ஊசிக்கு ஏற்பாடு மட்டும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமைக்கு

கடைசியில் வேலையை முடித்தது, மக்கள் இருக்கும் இடத்துக்கே போனது. போலியோவில் நாம் கற்ற பாடம் அது. 1995-இல் தொடங்கிய முகாம்களில் பேருந்து நிலையம், ரயில் நிலையம் என்று மேசை போட்டார்கள். வராத குழந்தையை வீட்டுக்கே போய்த் தேடினார்கள். விரலில் மை இல்லாத குழந்தை கண்ணில் தப்ப முடியாது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ இல்லை.

2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு முழுக்க 40,000 இடங்களில் மெகா முகாம் நடந்தது. 20 லட்சம் இலக்கு வைத்தார்கள். 28 லட்சத்தைத் தாண்டியது. கோவளத்தில் ஒரு தொண்டு அமைப்பு ஊசி போட்டவர்களுக்குப் பிரியாணி கொடுத்து, குலுக்கலில் பரிசும் வைத்தது. தயங்கிய மீனவக் குப்பம் வரிசைக்கு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்குச் சிலர் வராததன் காரணம் என்னவென்று பார்த்தார்கள். ஞாயிறன்று கறி சாப்பிடுவோம், சிலர் குடிப்பார்கள், அன்றைக்கு ஊசி போட்டால் ஒத்துக்கொள்ளாது என்ற பயம். அந்தப் பயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லைதான். அதற்காக அரசு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டது. எல்லிஸ் பழைய காகிதத்தைத் தேடியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று மக்களை ஏமாற்றி இணங்கவைக்கப் பார்த்தது. மற்றொன்று அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு நாளை மாற்றியது.

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு என்று வரும் மருந்தில், ஓரத்தில் ஒட்டியிருக்கும் மிச்சத்தையும் சேர்த்துப் பதினோராவது ஆளுக்குப் போட்ட நம் செவிலியர்களையும் மறக்கக்கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் வீணாகிறது என்று பேச்சு வாங்கிய மாநிலம், பிறகு கொடுத்ததற்கும் மேலே போட்ட மாநிலங்களில் ஒன்றானது. 2021 அக்டோபர் 21 அன்று நாடு 100 கோடி டோஸைத் தொட்டது.

அடுத்த முறைக்கு

இன்னொரு பெருந்தொற்று எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் மருந்து சீக்கிரம் வரும். அதில் உலகம் தேறிவிட்டது. வாசலிலிருந்து கை வரைக்குமான தூரம் மட்டும் நம்மைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. அதற்காக, வரும் பொதுக்குழுவில் பேசுவதற்கு நான்கு யோசனைகள்:

1. தனியாக வசிக்கும் மூத்தவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் ஆகியோரின் பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு சங்க அலுவலகத்தில் வைத்திருப்போம். ஆண்டுக்கு ஒரு முறை திருத்துவோம்.

2. நம் வளாகத்துக்கு வேலைக்கு வரும் எல்லோரின் பட்டியலையும் அதனோடு சேர்த்து வைப்போம். எந்த மருத்துவ முகாம் நடத்தினாலும், கண் பரிசோதனையாக இருந்தாலும் சரி, இரண்டு பட்டியலுக்கும் சேர்த்தே நடத்துவோம்.

3. ஊசிக்கும் மறுநாள் காய்ச்சலுக்கும் சம்பளத்தோடு விடுப்பு. ஒவ்வொரு வீடும் இதைச் செய்ய முடியும்.

4. யாராவது சந்தேகம் கேட்டால் குழுவிலிருந்து நீக்க வேண்டாம், கேலியும் வேண்டாம். நம் வளாகத்திலேயே மருத்துவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு மாலை அவர்களிடம் நேரில் கேட்டுக்கொள்ள ஏற்பாடு செய்வோம்.

அன்னா டஸ்ட்ஹால் என்ற அந்த மூன்று வயதுக் குழந்தை, வீட்டுவேலை செய்யும் ஒருவரின் மகள் என்று சொல்வார்கள். இந்த நாட்டில் தடுப்பூசி என்பதே ஒரு பணியாளர் வீட்டுக் குழந்தையின் கையிலிருந்துதான் நமக்கு வந்தது. அடுத்த முறை ஊசி வரும்போது, அந்த வீட்டுக்குக் கடைசியாகப் போய்ச் சேரக்கூடாது.